வேலூர் வெயிலுக்கு மாம்பழ ஐஸ் மாட்சா லாட்டே: பொடி வாங்குவதில் இருந்து கிளாஸ் வரை

அடியில் மஞ்சள், நடுவில் வெள்ளை, மேலே பச்சை என்று மூன்று அடுக்காக நிற்கும் அந்த ஐஸ் மாட்சா லாட்டேவை, அதாவது மாட்சா என்னும் ஜப்பானியப் பச்சைத் தேயிலை மாவைக் குளிர்ந்த பாலோடு சேர்த்த பானத்தை, போனில் பார்த்து ஆசைப்பட்டு, வீட்டில் செய்தால் கசப்புத் தண்ணீராக வந்து நிற்கிறதா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். செய்முறை வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் காட்பாடியிலோ பாகாயத்திலோ இருப்பவர் பொடியை எப்படிப் பார்த்து வாங்குவது, கத்திரி வெயிலில் பார்சல் என்ன கதியாகும், காய்ச்சிய ஆவின் பாலை வைத்துச் செய்யலாமா என்பதெல்லாம் அதில் வராது. தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதன் ருசியில் முக்கால்வாசி, பொடியை வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. மூங்கில் மத்து, அழகான கிண்ணம், வெப்பமானி எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே காசைப் பொடியில் போடுங்கள், பாத்திரத்தில் போடாதீர்கள்.

1. முதலில் செலவுக் கணக்கு

ஒரு கிளாஸுக்கு 2 கிராம் மாட்சா வேண்டும். டீஸ்பூனால் தலை தட்டி ஒரு ஸ்பூன் எடுத்தால் ஏறக்குறைய அவ்வளவு வரும். 30 கிராம் டப்பா வாங்கினால் 15 கிளாஸ். ஆன்லைனில் 30 கிராம் 500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய் வரை, அதற்கு மேலும்கூட இருக்கிறது. நடுவில், 900 ரூபாய் அளவில் ஒன்றை எடுத்துக்கொண்டால் கிளாஸுக்குப் பொடி மட்டும் 60 ரூபாய். பால் 150 மில்லி, சுமார் 10 ரூபாய். சீசனில் மாம்பழம் 10 ரூபாய்க்குள் அடங்கும். சர்க்கரை, ஐஸ் எல்லாம் சேர்த்தால் 80, 85 ரூபாய். வீட்டில் செய்தால் சும்மா வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். கஃபேயில் 250, 300 என்று கொடுப்பதோடு ஒப்பிட்டால் லாபம். டீக்கடை டீயோடு ஒப்பிட்டால் ஆடம்பரம்தான்.

சாமான்களில் அவசியமானவை இரண்டு. ஒன்று, கண் நெருக்கமான டீ வடிகட்டி. இன்னொன்று, பேட்டரியில் ஓடும் நுரைக் கலக்கி. 150 முதல் 300 ரூபாய்க்குள் கிடைக்கும். சாசென் எனப்படும் மூங்கில் மத்து பல கடைகளில் 500 ரூபாயைத் தாண்டுகிறது. ஐஸ் லாட்டேவுக்கு அது தேவையே இல்லை. பாலும் பழமும் ஐஸும் சேர்ந்த பிறகு, எதால் கலக்கினீர்கள் என்று நாக்கு கண்டுபிடிக்காது.

2. பொடி வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். ஊரில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் எப்போதாவது இருக்கும். ஆனால் அலமாரியில் எத்தனை மாதமாக விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பெரும்பாலும் ஆன்லைன்தான் வழி. லாங்கு பஜார் நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டால் 'பச்சைத் தேயிலைப் பொடி' என்று ஒன்று கிடைக்கலாம். அது சாதாரண கிரீன் டீயை அரைத்தது. முகத்துக்குப் பூசுவதற்கு விற்கும் பொடிகளும் உண்டு, அவை வாய்க்குப் போகக் கூடாது. முருங்கை இலைப் பொடியும் பார்க்க இதே நிறம்தான். உடம்புக்கு நல்லது, ஆனால் பாலில் போட்டால் கீரை மணம் வந்துவிடும்.

மாட்சா வேறு சரக்கு. அறுவடைக்கு முன் மூன்று, நான்கு வாரம் தேயிலைச் செடிக்கு மேல் நிழல் போட்டு வளர்க்கிறார்கள். இலையை ஆவியில் வேக வைத்து, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி, கல் எந்திரத்தில் மாவாக அரைக்கிறார்கள். அந்தக் கல் ஒரு மணி நேரத்துக்கு 40 கிராம் அளவுக்குத்தான் அரைக்கும். அதனால் 100 கிராம் 200 ரூபாய் என்று ஒன்று கண்ணில் பட்டால், அது என்னவாக இருந்தாலும் மாட்சாவாக இருக்க முடியாது. 2024-க்குப் பிறகு உலகம் முழுக்கக் கிராக்கி ஏறி, ஜப்பானில் சரக்குத் தட்டுப்பாடு வந்ததால் விலையும் ஏறியிருக்கிறது. பழைய வீடியோவில் சொன்ன விலையை நம்பித் தேடினால் மலிவான போலியில்தான் போய் நிற்பீர்கள்.

டப்பாவின் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்பக்கப் படமே போடாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். பார்க்க வேண்டியவை இவை:

உட்பொருள் என்ற இடத்தில் மாட்சா என்று ஒரே ஒரு பொருள்தான் இருக்க வேண்டும் (மாட்சா டப்பாவிலேயே அதைப் பச்சைத் தேயிலைப் பொடி என்று போட்டிருந்தாலும் சரி). சர்க்கரை, பால் பவுடர், மால்டோடெக்ஸ்ட்ரின் என்னும் மாவுச்சத்துப் பொடி என்று வந்தால் அது 'லாட்டே மிக்ஸ்'. முன்பக்கம் மாட்சா என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் பாதிக்கு மேல் சர்க்கரைக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஆணையத்தின் ஃபாஸ்காஸ் என்ற உரிம இணையதளத்தில் தட்டினால் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஜப்பான் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் லேபிளிலோ, மேலே ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்க வேண்டும். முழுக்க ஜப்பானிய எழுத்து மட்டுமே இருந்து, இந்திய ஸ்டிக்கரே இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் தேதி. காலாவதித் தேதி தள்ளி இருக்கிறதே என்று திருப்திப்படாதீர்கள், பாக்கெட் செய்த தேதியைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் இருந்தால் நல்லது. விளைந்த ஊர் போட்டிருந்தால் கூடுதல் நம்பிக்கை: உஜி, நிஷியோ, யாமே, ககோஷிமா ஆகியவை ஜப்பானில் பேர் பெற்ற இடங்கள்.

'செரிமோனியல் கிரேடு' என்ற சொல்லுக்கு மட்டும் மயங்க வேண்டாம். அதற்கென்று அரசாங்க அளவுகோல் எதுவும் கிடையாது, விற்கிறவர் வைத்துக்கொள்ளும் பெயர்தான். மிக விலை உயர்ந்த பொடியின் நுணுக்கமான மணமெல்லாம் மாம்பழத்துக்கு முன்னால் காணாமல் போய்விடும். ஆகக் குறைந்த விலையுள்ளதோ எவ்வளவு சர்க்கரை போட்டாலும் கசக்கும். நடு விலைதான் லாட்டேவுக்குச் சரி. முதல் முறை 30 கிராமுக்கு மேல் வாங்கவும் வாங்காதீர்கள். 100 கிராம் பாக்கெட்டில் கிராமுக்குச் சில ரூபாய் மிச்சமாகலாம், ஆனால் பாதி தீர்வதற்குள் பொடி வெளுத்துவிடும்.

3. பார்சல் எப்போது வரவேண்டும், வந்ததும் என்ன செய்ய வேண்டும்

மாட்சாவுக்கு ஆகாதவை நான்கு: வெளிச்சம், காற்று, ஈரம், சூடு. நான்காவதுக்கு நம் ஊரில் குறைவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் டெலிவரி வண்டிக்குள் பார்சல் ஒரு பகல் முழுக்க வெந்துகொண்டிருக்கும். முடிந்தால் மார்ச்சுக்குள்ளோ, மழை தொடங்கிய பிறகோ வாங்குங்கள். கோடையில்தான் வேண்டும் என்றால் சென்னை, பெங்களூரில் இருந்து ஓரிரு நாளில் வந்துசேரும் விற்பனையாளராகத் தேர்ந்தெடுங்கள். தொடர் விடுமுறைக்கு முன்தினம் ஆர்டர் போட்டால் கிடங்கில் கிடக்கும். பகலில் ஆள் இல்லாத வீடாக இருந்தால் ஆபீஸ் முகவரி கொடுப்பது மேல். வாசல் கேட்டில் மாட்டிவிட்டுப் போன பை மதிய வெயிலில் தொங்கக் கூடாது.

பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். உணவுப் பொருளைப் பெரும்பாலான தளங்கள் திரும்ப எடுப்பதில்லை; பணம் திரும்ப வேண்டும் என்றால் ஆதாரம் கேட்பார்கள். சீல் உடைந்திருக்கிறதா, தேதி படத்தில் இருந்ததுதானா என்று வீடியோவிலேயே காட்டுங்கள். பில்லை அழிக்காதீர்கள்.

அடுத்தது சோதனை. வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை வைத்து விரலால் அழுத்தி இழுங்கள். நல்ல பொடி கண் மை போல நீளமாக, அறுபடாமல், பளிச்சென்ற பச்சைக் கோடாக வரும். கோடு பிசிறடித்து, மணல் மணலாக, மஞ்சளோ காக்கியோ கலந்த பச்சையாக வந்தால் பழைய சரக்கு அல்லது வெறும் கிரீன் டீத் தூள். அதை உடனே படம் எடுத்துப் புகார் போடுங்கள். பெரும்பாலும் அதற்குச் சில நாள்தான் அவகாசம் கொடுக்கிறார்கள்.

திறந்த டப்பாவைக் காற்றுப் புகாமல் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு எச்சரிக்கை: ஃபிரிட்ஜில் இருந்து எடுத்ததும் திறக்காதீர்கள். குளிர்ந்த டப்பாவுக்குள் வெளிக்காற்று புகுந்தால் ஈரம் படிந்து பொடி கட்டி தட்டும். கால் மணி நேரம் வெளியே வைத்து, டப்பாவின் மேல் வியர்வை காய்ந்த பிறகு திறங்கள். ஸ்பூன் ஈரமில்லாமல் இருக்கட்டும். பக்கத்தில் மீன் குழம்பையோ நறுக்கிய வெங்காயத்தையோ வைக்காதீர்கள், மணத்தை இழுத்துக்கொள்ளும். திறந்ததில் இருந்து ஒன்றரை, இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

4. எந்தப் பழம் பாலோடு சேரும்

வீடியோக்களில் எல்லோரும் ஸ்ட்ராபெர்ரி போடுகிறார்கள். நம் ஊருக்கு அது குளிர்காலத்தில், அதுவும் தூரத்தில் இருந்து வருகிறது. டப்பாவில் மேல் வரிசை சிவப்பு, கீழ் வரிசை வெள்ளை. புளிப்பும் அதிகம். ஏப்ரல் பாதியில் இருந்து ஜூன் வரை சித்தூர்ப் பக்கத்தில் இருந்து பங்கனப்பள்ளி வந்து இறங்கும் ஊரில் இருந்துகொண்டு ஸ்ட்ராபெர்ரி தேடுவானேன்? மாம்பழத்தின் இனிப்பும் நெய் மணமும் மாட்சாவின் கசப்பை அடித்துவிடாமல் தாங்கிப் பிடிக்கும். நாரில்லாத, கொழகொழவென்று கனியாத பங்கனப்பள்ளிதான் என் முதல் தேர்வு. கிளிமூக்கில் புளிப்பு தூக்கலாக இருக்கும், தவிர்த்துவிடலாம். மாங்காய் மண்டியிலோ நேதாஜி மார்க்கெட்டிலோ வாங்கினால் காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள். தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்து மணமே இல்லை என்றால் கல் வைத்துப் பழுக்க வைத்தது, எடுக்காதீர்கள்.

மாம்பழம் இல்லாத மாதங்களில் பன்னீர் திராட்சை. கம்பம் பக்கத்தில் இருந்து ஏறக்குறைய வருடம் முழுக்க வருகிறது, விலையும் கட்டுப்படியாகும். அடியில் ஊதா நிறம், மேலே பச்சை. வெளிநாட்டு புளூபெர்ரிக்குக் கொடுக்கும் காசு மிச்சம். ஜவ்வாது மலைச் சீதாப்பழம் வரும் பருவத்தில் அதையும் போடலாம். ருசி பிரமாதம், ஆனால் கொட்டை எடுக்கப் பொறுமை வேண்டும். பலாப்பழத்தின் மணத்துக்கு முன்னால் மாட்சா போட்டதே தெரியாது.

இனி ஆகாத பழங்கள். அன்னாசி, பப்பாளி, கிவி மூன்றிலும் புரதத்தை அறுக்கும் நொதி இருக்கிறது. பச்சையாகப் பாலில் சேர்த்தால் சிறிது நேரத்தில் பால் கசந்துவிடும். மாட்சாதான் கசக்கிறது என்று நினைத்துப் பொடியைத் திட்டுவீர்கள். அன்னாசி போட்டே ஆக வேண்டுமென்றால் சர்க்கரையோடு நன்றாகக் கொதிக்கவிட்டு ஆற வைத்துச் சேருங்கள், சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும். எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சு பாலைத் திரித்துவிடும். அவற்றைப் போட ஆசை என்றால் பாலை விட்டுவிட்டு, தண்ணீரும் ஐஸும் மாட்சாவும் மட்டும் சேர்த்துக் குடியுங்கள். அது லாட்டே ஆகாது, ஆனால் நன்றாகவே இருக்கும்.

5. முந்தைய இரவு வேலை

காலையில் எல்லாவற்றையும் தொடங்கினால் ஒரு மணி நேரம் ஆகும். இரவே மூன்று வேலையை முடித்துவிட்டால் காலையில் ஐந்து நிமிடம் போதும்.

பால்: 6 சதவீதக் கொழுப்புள்ள ஆவின் ஆரஞ்சு பாக்கெட் நல்லது. நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம்தான். ஐஸ் கரைந்ததும் நீர்த்துவிடும். வழக்கம் போலக் காய்ச்சி, ஆறியதும் ஆடையை எடுத்துவிட்டு, வடிகட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆடை எடுக்காத பாலில் அடுக்கு நிற்காது. வாயிலும் திரித்திரியாக வரும்.

ஐஸ்: குடிக்கிற தண்ணீரிலேயே ஐஸ் போடுங்கள். போர் தண்ணீரின் உப்பு ஐஸிலும் தெரியும். ஒரு கிளாஸுக்குப் பத்துப் பன்னிரண்டு கட்டி வேண்டும், ஒரே ஒரு தட்டு வைத்திருந்தால் போதாது. மீன் மார்க்கெட்டுக்கு வரும் கட்டி ஐஸை வாங்கி உடைத்துப் போடுகிற யோசனை வேண்டாம், அது குடிப்பதற்கு ஆனதல்ல.

பழம்: மாம்பழத்தைக் கழுவி, தோல் சீவி, சதையை மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றி வடிகட்டுங்கள். ஒரு கிளாஸுக்கு மூன்று மேசைக்கரண்டி விழுது, அதில் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, துளி உப்பு. மிக்ஸி ஜாரை முதலில் முகர்ந்து பாருங்கள்; காலையில் பூண்டுச் சட்னி அரைத்த ஜாராக இருந்தால் எவ்வளவு கழுவினாலும் பழத்தில் ஏறும். திராட்சை என்றால் கால் கிலோவுக்கு மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை போட்டு, தண்ணீர் விடாமல் சிறு தீயில் பத்து நிமிடம். தோல் வெடித்ததும் மசித்து, கொட்டையை வடிகட்டி, மறுபடி அடுப்பில் வைத்துத் தேன் பதத்துக்குச் சுண்டவிடுங்கள். மூன்று, நான்கு கிளாஸுக்கு வரும். ஃபிரிட்ஜில் நான்கைந்து நாள் தாங்கும். அடுப்பேறாத மாம்பழ விழுதை மறுநாளே தீர்த்துவிடுங்கள். மிச்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைக்கலாம்.

6. பொடியைக் கலக்குவது

மாட்சா சர்க்கரை மாதிரி தண்ணீரில் கரைகிற பொருள் அல்ல, துகளாக மிதக்கும். அதனால் கட்டியில்லாமல் பிரிப்பதுதான் வேலையே. 2 கிராம் பொடியை டீ வடிகட்டி வழியாக ஸ்பூனால் தேய்த்துச் சலியுங்கள். இதைச் செய்யாமல் எவ்வளவு அடித்தாலும் பச்சை உருண்டைகள் மேலே வந்து நிற்கும்.

கொதிக்கிற தண்ணீரை ஊற்றக் கூடாது. 75, 80 டிகிரி போதும். வெப்பமானி வேண்டாம், கொதித்த தண்ணீர் இரண்டு பங்கு, சாதாரணத் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். அதில் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் பொடியில் விட்டு, ஸ்பூனால் விழுதாகக் குழையுங்கள். விழுது வழவழப்பானதும் குளிர்ந்த தண்ணீர் ஒரு மேசைக்கரண்டி சேர்த்து, கலக்கியால் அரை நிமிடம் அடியுங்கள். கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பயன்படுத்துங்கள், உப்புத் தண்ணீரில் மணம் எழும்பாது.

கலக்கி இல்லையென்றால் மோர் கடையும் சின்ன மத்து போதும். மூடி இறுக்கமான ஜாம் பாட்டிலில் போட்டுக் குலுக்கினாலும் சரி, ஆனால் அதற்கு முழுக்கக் குளிர்ந்த தண்ணீர்தான். சூடான தண்ணீரோடு மூடிக் குலுக்கினால் ஆவி மூடியைத் தள்ளிச் சட்டையெல்லாம் பச்சையாகும், கையும் சுடும். டீ ஆற்றுவது போல டம்ளரில் தூக்கி ஆற்றுவதில் நுரை வரும், கட்டி உடையாது.

7. கிளாஸில் ஊற்றும் வரிசை

350 மில்லி பிடிக்கிற உயரமான கண்ணாடி கிளாஸ். அடியில் பழ விழுது. அதன் மேல் விளிம்பு வரை ஐஸ். பிறகு குளிர்ந்த பால் 150 மில்லி, ஐஸ் கட்டியின் மேல் படும்படி மெதுவாக. கடைசியாக மாட்சா. ஸ்பூனைக் கவிழ்த்து ஐஸுக்கு மேல் பிடித்து, அதன் முதுகில் வழியவிடுங்கள்.

இனிப்பைப் பழத்தோடு மட்டும் சேர்க்கச் சொன்னதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. சர்க்கரை சேர்ந்த விழுது கனமாக அடியில் உட்காரும். பால் அதைவிட லேசு, வெறும் தண்ணீரில் கலந்த மாட்சா பாலைவிடவும் லேசு. மாட்சாவில் சர்க்கரையையோ தேனையோ போட்டால் அது கனத்து நேராகப் பாலுக்குள் இறங்கி, எல்லாம் ஒரே பாசி நிறமாகிவிடும். குடிக்கும்போது எப்படியும் கலக்கத்தான் போகிறோம். ஆனால் படம் எடுக்க வேண்டும் என்றால் ஊற்றிய உடனே எடுங்கள், வேலூர் மே மாதம் உங்களுக்காகக் காத்திருக்காது.

கல்லூரிக்கோ ஆபீஸுக்கோ எடுத்துப்போகிறவர்கள் கலந்து எடுத்துப்போகாதீர்கள். பழமும் பாலும் சேர்ந்து ஒரு ஃபிளாஸ்க், மாட்சா சின்ன பாட்டில், ஐஸ் இன்னொரு ஃபிளாஸ்க். இரண்டு மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள்.

8. சரியாக வராவிட்டால்

கசப்பு அதிகமா? தண்ணீர் கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருப்பீர்கள், அல்லது பொடி பழசு. சர்க்கரையைக் கூட்டுவதற்கு முன் பொடியை ஒன்றரை கிராமாகக் குறைத்துப் பாருங்கள். பால் திரிகிறதா? பழம் புளிப்பு, அல்லது பால் போதிய குளிர்ச்சி இல்லை. மாட்சா தெரியவே இல்லையா? விழுது கூடிவிட்டது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி போட்டிருந்தாலும் இப்படித்தான் ஆகும். அவற்றின் மணம் பெரிது, இதற்கு வெள்ளைச் சர்க்கரைதான் பொருந்தும். அடியில் பச்சை வண்டல் தங்குகிறதா? அது இயல்பு, கலக்கிவிட்டுக் குடியுங்கள்.

9. யார், எந்த நேரத்தில்

2 கிராம் மாட்சாவில் காஃபின் 40 முதல் 90 மில்லிகிராம் வரை இருக்கலாம், கிட்டத்தட்ட ஒரு காபி. மாலை நான்கு மணிக்கு மேல் குடித்தால் சிலருக்குத் தூக்கம் போகும். கர்ப்பிணிகள் நாள் முழுக்கக் காபி, டீ எல்லாம் சேர்த்து 200 மில்லிகிராம் காஃபினைத் தாண்டாமல் இருக்கச் சொல்வது வழக்கம். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதோடு சேர்த்துக் குடிக்காதீர்கள், தேயிலை இரும்பை உடம்பில் ஏறவிடாது. குறைந்தது ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் சிலருக்குக் குமட்டும். இட்லி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, பதினொரு மணி வாக்கில் குடிப்பது தோது. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் அவர் கிளாஸில் சர்க்கரையை மட்டும் விட்டால் போதாது, மாம்பழ விழுதையும் ஒரு ஸ்பூனாகக் குறைக்க வேண்டும். குழந்தைகள் கேட்டு அடம் பிடிப்பார்கள்; அவர்களுக்கு மாட்சா சேர்க்காமல் மாம்பழப் பாலை அதே மாதிரி கிளாஸில் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, கலக்கியையும் வடிகட்டியையும் உடனே கழுவிவிடுங்கள். காய்ந்தால் பச்சைக் கறை கம்பிக் கண்ணில் ஏறிக்கொள்ளும். அடுத்த நாள் அதில் டீ வடிகட்டினால் அம்மாவிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.